கெடாவின் முதல் ஆங்கிலப் பள்ளியும் நம் பிள்ளைகளும்

(கூலிமில் நம் சங்கம் நடத்திய மாணவர் பாராட்டு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கடைக்கு வந்து கேட்டபோது, "பாய், ஆசிரியர் யாரையாவது கூப்பிடுங்கள், நான் கடைக்காரன்" என்றேன். அவர் விடவில்லை. "நீங்கள்தானே வருடா வருடம் பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள்" என்றார். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். எங்கள் கடையில் விற்பது பள்ளிச் சீருடை, காலணி, புத்தகப்பை, பயிற்சி நூல்கள். என் அத்தா தொடங்கிய கடை. பத்து வயதிலிருந்து நான் அங்கே அளவு நாடாவோடு நிற்கிறேன்.

அளவு எடுக்கிறவனுக்குச் சில விஷயங்கள் மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். ஆரம்பப்பள்ளியில் பையன்களுக்கு நீலக் கால்சட்டை. இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போது பச்சைக் கால்சட்டை. முதல் முறையாகப் பச்சைக் கால்சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற பையனின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். பெருநாள் உடுப்பு போட்டவனைப் போல் இருப்பான். அடுத்த வருடம் இடுப்பு ஓர் அங்குலம், நீளம் இரண்டு அங்குலம் கூடியிருக்கும். மூன்றாம் வருடம் மீசை அரும்பும். நான்காம் வருடம், "அண்ணே, கொஞ்சம் இறுக்கமாக வெட்டித் தையுங்கள்" என்பான். ஐந்தாம் வருடம் சிலர் வருவதில்லை.

கடன் வாங்குகிறவர்களுக்காக என் கடையில் இன்னமும் ஒரு 555 நோட்டு இருக்கிறது. அதில் வரவேண்டிய பணத்தைவிட, வராமல் போன பையன்களின் பெயர்கள்தான் எனக்கு அதிகம் கண்ணில் படுகின்றன. சில மாதம் கழித்து அதே பையனை எங்காவது ஓர் உணவகத்தில் தட்டு எடுக்கிறவனாகவோ கைப்பேசிக் கடையில் நிற்கிறவனாகவோ பார்ப்பேன். என்னைக் கண்டால் சிரிப்பான். நானும் சிரிப்பேன். இருவரும் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச மாட்டோம்.

இன்று அந்தப் பேச்சைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பழைய பள்ளியின் கதையை எடுத்துக்கொள்கிறேன். அலோர் ஸ்டாரில் இருக்கும் சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரி. பெயர்தான் கல்லூரி. உண்மையில் அது ஓர் அரசாங்க இடைநிலைப்பள்ளி.

அந்தப் பள்ளி பிறந்த நேரத்தைக் கவனியுங்கள். 1904ல் கெடா சுல்தானின் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஒரே காலத்தில் திருமணம் நடந்தது. மாதக்கணக்கில் விழா. முடிந்து பார்த்தால் கஜானா காலி. 1905ல் கெடா அரசாங்கம் சயாமிடம் கைநீட்டிக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவன் சும்மா கொடுப்பானா? நிதி ஆலோசகர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மாநில மன்றம் அமைந்தது. செலவுக்கெல்லாம் கணக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

நாமெல்லாம் வியாபாரிகள். கடனில் இருக்கும் கடைக்காரன் முதலில் எதை நிறுத்துவான் என்று நமக்குத் தெரியும். உடனே வருமானம் தராத செலவைத்தான் நிறுத்துவான். ஆனால் அந்தக் கடன் வாங்கி மூன்றே ஆண்டுகளில், 1908 டிசம்பரில், அலோர் ஸ்டாரில் அரசாங்க ஆங்கிலப் பள்ளி திறக்கப்பட்டது. அப்போது கெடா இன்னும் சயாமின் கீழ்தான் இருந்தது. பிரிட்டிஷ்காரர்கள் கைக்குப் போனது 1909 மார்ச் மாத பாங்காக் உடன்படிக்கைக்குப் பிறகுதான். ஆகவே அது வெள்ளைக்காரன் வந்து கட்டிக்கொடுத்த பள்ளியல்ல. கடன்பட்ட நிலையிலும் கெடா அரசாங்கம் தானே தொடங்கிக்கொண்ட பள்ளி.

அதை நடத்த வந்தவர் முகமட் பின் இஸ்கந்தர். பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்தவர். அவருடைய தந்தையார் கேரளத்திலிருந்து பினாங்குக்கு வந்த முஸ்லிம். தாயார் மலாய்ப் பெண்மணி. நம்மைப் போலவே கடல் தாண்டி வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைதான் கெடாவின் முதல் ஆங்கிலப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவருடைய கடைசிப் பிள்ளையின் பெயர் மட்டும் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் பிறகு வருகிறேன்.

அந்தக் காலத்தில் நம் மக்களுக்கு ஆங்கிலப் பள்ளி என்றால் பயம். பினாங்கு பிரீ ஸ்கூல் 1816ல் ஹட்சிங்ஸ் என்ற பாதிரியாரால் தொடங்கப்பட்டது. எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் அதன் வாசல் திறந்திருந்தது என்றாலும், தொடங்கியவர் பாதிரியார். மற்ற பல ஆங்கிலப் பள்ளிகளும் சபைகள் நடத்தியவைதான். "பிள்ளை இங்கிலீஷ் படித்தால் தொழுகையை விட்டுவிடுவான்" என்று மலாய்ப் பெற்றோர்களும் நினைத்தார்கள், நம் பெற்றோர்களும் நினைத்தார்கள். அதில் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. தெரியாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்?

இந்தப் பயத்துக்கு அலோர் ஸ்டாரில் கிடைத்த பதில் எளிமையானது. நடத்துவது அரசாங்கம். தலைமையாசிரியர் ஒரு முஸ்லிம். பள்ளி முடிந்த பிறகு ஓதப் போகலாம். அந்தப் பள்ளியின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர், 1903ல் பிறந்த அரண்மனைப் பிள்ளை. காலையில் ஆங்கிலப் பள்ளி, பிற்பகலில் குர்ஆன் ஓதுதல். இதுதான் அந்தச் சிறுவனின் நாள். பிறகு பாங்காக்கில் படித்தார், பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்தார், கெடா மாநில உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்து போனார். 1957ல் நம் நாட்டின் முதல் பிரதமரானார். துங்கு அப்துல் ரஹ்மான் அவர்களைத்தான் சொல்கிறேன்.

காலையில் பள்ளிக்கூடம், மாலையில் ஓதுகிற பள்ளி. இது நமக்குப் புதிதா? இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் மதியம் ஒன்றரை மணிக்குச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, சட்டையை மாற்றித் தொப்பியை வைத்துக்கொண்டு ஓடியிருப்போம்! உஸ்தாதின் பிரம்பு ஒரு பக்கம், வீட்டுப்பாடம் ஒரு பக்கம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் அந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் இந்தப் பள்ளிக்கும் பங்கு உண்டு.

1935ல் அந்தப் பள்ளிக்குச் சுல்தான் அப்துல் ஹமிட் கல்லூரி என்று பெயர் மாறியது. அப்போதும் அதே சுல்தான்தான் ஆட்சியில் இருந்தார். 1882லிருந்து 1943 வரை ஆண்டவர். அவருடைய பேரனும் அங்கே படித்தார். பிற்காலத்தில் கெடா சுல்தானாகவும் இரண்டு முறை மாட்சிமை தங்கிய பேரரசராகவும் இருந்த சுல்தான் அப்துல் ஹலிம் அவர்கள். அரண்மனையிலிருந்து வந்தவர்களும் சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்த பள்ளி அது. அதே போல நம் கூலிமிலும் சுல்தான் பட்லிஷா பெயரில் ஒரு பள்ளி இருக்கிறது. சுங்கைப் பட்டாணியில் இப்ராஹிம் பெயரில் இருக்கிறது. கெடாவில் எந்தப் பட்டணத்துக்குப் போனாலும், ஒரு சந்ததியைப் படிக்கவைத்த பழைய பள்ளி ஒன்று இருக்கும்.

இப்படிப்பட்ட பள்ளிகளின் பாரம்பரியம் எது என்று கேட்டால் முன்னாள் மாணவர்கள் எதைச் சொல்வார்கள்? ஞாயிற்றுக்கிழமைச் சபைகூடலைச் சொல்வார்கள். நெகாராகூ, மாநிலப் பண், பள்ளிப் பண் மூன்றும் வரிசையாகப் பாடி, கையை உயர்த்தி ருக்குன் நெகாரா சொல்லி, வெயிலில் ஒருவன் மயங்கி விழுவதைச் சொல்வார்கள். சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று தொண்டை கிழியக் கத்திய விளையாட்டுப் போட்டியைச் சொல்வார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஓடிய குறுக்கோட்டத்தைச் சொல்வார்கள். சனிக்கிழமை மாலை வெள்ளைக் காலணிக்குச் சாயம் பூசி வேலியில் காய வைத்ததைச் சொல்வார்கள். இப்போது 2021லிருந்து எல்லோருக்கும் கறுப்புக் காலணி. வெள்ளைச் சாயம் விற்ற வகையில் எனக்குக் கொஞ்சம் நஷ்டம், தாய்மார்களுக்கு நிம்மதி.

இதெல்லாம் நல்ல பாரம்பரியம்தான். ஆனால் இவற்றை அனுபவிக்க ஒருவன் முதலில் உள்ளே போயிருக்க வேண்டும். உள்ளே போவதே பலருக்கு முடியாத காலம் ஒன்று இருந்தது. அதை என் குடும்பத்திலிருந்தே சொல்கிறேன்.

என் அத்தா 1951ல் பிறந்தவர். பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். அப்போது ஆறாம் வகுப்பு முடிவில் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு ஒன்று இருந்தது. அதில் தேறினால்தான் மேலே போகலாம். தேறாவிட்டால் அரசாங்க இடைநிலைப்பள்ளிக் கதவு சாத்தியதுதான். 1963ல் அத்தா அந்தத் தேர்வை எழுதினார். தேறவில்லை. அடுத்த மாதமே தாதாவின் மளிகைக் கடையில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது.

1964ல் அந்த நுழைவுத் தேர்வை அரசாங்கம் எடுத்துவிட்டது. ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் தொடர்ந்து மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்று வந்தது. என் சின்னத்தா, அத்தாவுக்கு இரண்டு வயது இளையவர். அவர் எந்த நுழைவுத் தேர்வும் எழுதாமல் புதுமுக வகுப்புக்குப் போனார். அங்கிருந்து படிவம் ஒன்று. தத்தித் தத்தி ஐந்தாம் படிவம் முடித்து அரசாங்க அலுவலகத்தில் கிராணியாகச் சேர்ந்தார்.

இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அத்தாதான் கெட்டிக்காரர் என்று சின்னத்தாவே சொல்வார். மனக்கணக்கில் அத்தாவை யாரும் வெல்ல முடியாது. இருவருக்கும் நடுவில் இருந்தது இரண்டு வருடம்தான். அந்த இரண்டு வருடத்தில் ஒரு கதவு திறந்தது. அத்தா கடைசி வரைக்கும் யாரையும் குறை சொன்னதில்லை. ஆனால் கடைக்கு வரும் பிள்ளைகளிடம் "எந்தப் படிவம்?" என்று கேட்காமல் அளவு எடுக்க மாட்டார்.

அந்தக் கதவு ஒரே நாளில் திறந்ததல்ல என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும். 1956ல் ரசாக் அறிக்கை எல்லா மொழிப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டம் என்ற அடித்தளத்தைப் போட்டது. 1962ல் ஆரம்பக்கல்விக்குக் கட்டணம் நீங்கியது. பிறகு நுழைவுத் தேர்வு போனது. 1970லிருந்து ஆங்கிலப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாகத் தேசிய மொழிக்கு மாறின. அலோர் ஸ்டார் பள்ளியும் அப்படித்தான் மாறியது. பாட மொழி மாறியது, பாடநூல் மாறியது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும் கம்பத்திலிருந்து வந்த பிள்ளையும் சீனப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே பச்சைக் கால்சட்டையில் ஒரே வரிசையில் நிற்கும் நிலை வந்தது. அந்தத் துணியை விற்றுத்தான் நான் சோறு தின்கிறேன். அதன் மதிப்பு எனக்குத் தெரியும்.

இப்போது நான் முன்பு சொன்ன தலைமையாசிரியரின் கடைசிப் பிள்ளையிடம் வருகிறேன். துன் டாக்டர் மகாதீர் முகமது. அரசியலில் அவரைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். அது இந்த மேடைக்கு வேண்டாம். அவருடைய பள்ளி நாட்களை மட்டும் பார்ப்போம்.

முதலில் மலாய்ப் பள்ளியில் படித்தார். பிறகு நுழைவுத் தேர்வு எழுதி, 1933ல் அரசாங்க ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் வந்தார்கள். ஜித்ராவில் சண்டை நடந்த சில நாட்களில் அலோர் ஸ்டார் விழுந்தது. ஆங்கிலப் பள்ளி நின்றது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. 1943ல் ஜப்பானியர்கள் கெடாவைச் சயாமிடம் கொடுத்தார்கள். ஊரில் வேலை இல்லை, சம்பளம் இல்லை. அந்த இளைஞர் என்ன செய்தார்? அலோர் ஸ்டார் பெக்கான் ரபு சந்தையில் கடை போட்டார். காப்பி விற்றார். பீசாங் கோரெங் விற்றார். வாழைப்பழம் விற்றார். தலைமையாசிரியரின் மகன் சந்தையில் பலகாரம் விற்றார்.

வியாபாரத்தில் இறங்கியவனுக்குத் தெரியும், கையில் தினமும் காசு பார்த்தவன் மறுபடியும் நோட்டுப் புத்தகத்துக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று. காலையில் முதல் போட்டால் மாலையில் லாபம் தெரிகிறது. படிப்பில் அப்படியா? ஐந்து வருடம் கழித்துத்தான் என்ன ஆயிற்று என்று தெரியும். ஆனால் 1945ல் போர் முடிந்து பள்ளி திறந்ததும் அவர் திரும்பிப் போனார். இருபது வயது இளைஞர் மறுபடியும் வகுப்பில் உட்கார்ந்தார். 1946ல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதினார். 1947ல் சிங்கப்பூர் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்தது நாட்டின் சரித்திரம்.

இதில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் பிரதமரானது அல்ல. சந்தையில் கடை போட்ட பையன் திரும்பி வந்தபோது அவனுக்காக ஒரு நாற்காலி இருந்தது என்பதுதான். பள்ளியின் பாரம்பரியம் என்று எதைச் சொல்வது என்று யாராவது என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன். நடுவில் விட்டுப் போனவன் திரும்பி வந்தால் அவனை உட்கார வைப்பது.

என்னையும் அப்படி ஒருவர் உட்கார வைத்தார். எஸ்.பி.எம். முடிந்த கையோடு நான் கடைக்கு வந்துவிட்டேன். அத்தாவுக்குச் சர்க்கரை நோய், காலில் புண். நான் மூத்த பையன். யாரும் வற்புறுத்தவில்லை. அதுதான் இயற்கை என்று எல்லோரும் நினைத்தோம், நானும் நினைத்தேன். ஒன்றரை வருடம் ஓடியது. ஒரு நாள் என் பழைய கணித ஆசிரியர் தம் மகளுக்குப் புத்தகப்பை வாங்க வந்தார். என்னைப் பார்த்து, "நீ இன்னும் பாரம் பூர்த்தி செய்யவில்லையா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து விண்ணப்பத்துக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அத்தா அந்தத் தாளை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தார். இரவு கடை சாத்தும்போது என்னிடம் கொடுத்து, "கடை எங்கேயும் போகாது" என்றார்.

நம் ஊரிலேயே துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக் இருக்கிறது. வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்ப் படித்தேன். மின்னியலில் டிப்ளோமா வாங்கினேன். படிப்பு முடிந்து நம் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் கொஞ்ச காலம் வேலையும் பார்த்தேன். பிறகு அத்தா வஃபாத்தானார். கடைக்குத் திரும்பினேன். "மறுபடியும் கடைதானே, அந்தப் படிப்பு எதற்கு?" என்று என்னைக் கேட்டவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். கோபமில்லை. பதில் சொல்கிறேன். அத்தா காலத்தில் மொத்த வியாபாரி சொன்ன விலைதான் விலை. நான் உற்பத்தியாளருக்கு நானே எழுதுகிறேன், ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன், வரிக் கணக்கை நானே பார்க்கிறேன். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நான் கடையில் நிற்பது வேறு வழியில்லாமல் அல்ல. வேறு வழி தெரிந்து, இதைத் தேர்ந்தெடுத்து நிற்கிறேன். என் அத்தாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விஷயத்தை மறைத்தால் நான் நேர்மையானவனல்ல. ஆகவே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு கடையில் ஆள் பற்றாக்குறை. என் அக்காள் மகன் படிவம் நான்கு. சுறுசுறுப்பான பையன். "மாலையில் வந்து உதவி செய்யட்டும்" என்று அக்காளிடம் கேட்டேன். மாலை என்பது இரவு பத்து மணி ஆயிற்று. சரக்கு வரும் நாளில் பள்ளிக்குப் போக வேண்டாம் என்று நானே சொன்னேன். முதலில் மாதம் ஒரு நாள், பிறகு வாரம் ஒரு நாள். அவன் கையில் காசு கொடுத்தேன். அவனுக்கும் பிடித்திருந்தது. ஒரு நாள் அவனுடைய வகுப்பாசிரியர் அக்காளுக்குத் தொலைபேசியில் அழைத்து, இத்தனை நாள் வரவில்லை என்று எண்ணிக்கையைச் சொன்னார். அக்காள் எனக்குச் சொன்னாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல் இருந்தது. வராமல் போகும் பையன்களை எண்ணிக்கொண்டிருந்த கடைக்காரன், தன் வீட்டுப் பையனையே அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். நான் கெட்டவன் என்பதால் நடக்கவில்லை. கடைக்கு ஆள் வேண்டும் என்பதால் நடந்தது. நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

மறுவாரமே வேறு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தேன். லாபம் குறைந்தது உண்மை. இந்த வருடத் தொடக்கத்தில் அந்தப் பையன் ஐந்தாம் படிவத்துக்குக் கால்சட்டை அளவு கொடுக்க வந்து நின்றான். நானேதான் அளந்தேன். இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தான்.

பெரியோர்களே, ஒரு காலத்தில் நாம் பெண் பிள்ளைகளை மூன்றாம் படிவத்தோடு நிறுத்தினோம். இன்று அல்ஹம்துலில்லாஹ், முன் வரிசையைப் பாருங்கள், பரிசு வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். இப்போது என் கடைக்கு வராமல் போகிறவர்கள் பையன்கள். பெண்ணை நிறுத்தியபோது "அவளுக்கு எதற்கு" என்றோம். பையனை நிறுத்தும்போது "அவனுக்குத்தான் கடை இருக்கிறதே" என்கிறோம். வார்த்தைதான் வேறு.

அடுத்த மாதம் நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். கல்வி நிதியில் மீதமிருக்கும் பணத்தை மண்டபக் கூரைப் பழுதுக்கு மாற்றலாம் என்று ஒரு யோசனை வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். கூரை ஒழுகுவது எனக்கும் தெரியும். சென்ற மவ்லிது நிகழ்ச்சியில் என் தலையிலும்தான் சொட்டியது. ஐம்பது வருடத்துக்கு முன்னால் இந்தச் சங்கத்தைத் தொடங்கிய பெரியவர்கள் கடைக்குக் கடை ஏறி ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று வசூலித்தார்கள். அவர்களில் பலர் என் அத்தாவைப் போல ஆறாம் வகுப்போடு நின்றவர்கள். தாங்கள் படிக்காததால்தான் அவர்கள் கல்விக்கு என்று தனியாக ஒரு கணக்கு வைத்தார்கள். என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். கூரைக்குத் தனியாக வசூல் செய்வோம். முதல் ரசீதை என் பெயரில் எழுதுங்கள்.

இரண்டு, பரிசு எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்கிய பிள்ளைக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. அந்தப் பிள்ளை எப்படியும் மேலே வரும். பேருந்துக் கட்டணத்துக்கும், பயிற்சி நூலுக்கும், ஐந்தாம் படிவத்தின் கடைசிக் கால்சட்டைக்கும் தடுமாறும் பிள்ளைக்கு அந்த நிதி போகட்டும். சீருடையை நான் வாங்கிய விலைக்கே தருகிறேன்.

மூன்று, நடுவில் விட்டவர்களைத் தேடிப் போவோம். எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறியே ஆக வேண்டும். மற்ற பாடமெல்லாம் தேறி, இந்த இரண்டில் ஒன்றில் விழுந்து, வெறுங்கையோடு கடைகளில் நிற்கும் பையன்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். அந்தப் பாடத்தை மட்டும் மறுபடியும் எழுத வழி இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. தெரிந்தவர்களுக்கும் வெட்கம். வாரத்தில் இரண்டு இரவு, கடை சாத்திய பிறகு, இந்த மண்டபத்தில் ஒரு வகுப்பு வைப்போம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருக்கு அந்த நிதியிலிருந்து சம்பளம் கொடுப்போம். கூரை ஒழுகினால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வோம்.

இங்கே முதலாளிகளாக இருப்பவர்களிடம் ஒரு சொல். உங்கள் கடையில் வேலை பார்க்கும் பதினேழு வயதுப் பையனிடம் இன்று இரவு கேட்டுப் பாருங்கள், "உன் சிஜில் எங்கே?" என்று. இல்லை என்று சொன்னால், அந்த இரண்டு இரவு மட்டும் ஒன்பது மணிக்கே அவனை அனுப்பிவிடுங்கள். கடை எங்கேயும் போகாது.

அந்தப் பையன்கள் சிலருடைய பெயர் என் 555 நோட்டில் இருக்கிறது. பாக்கி ஒன்றும் வேண்டாம். வகுப்புக்கு வந்து உட்கார்ந்தால் அந்தப் பக்கத்தை நானே கிழித்துவிடுகிறேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவானாக. இந்தச் சங்கத்தைத் தொடங்கி மறைந்த மர்ஹூம்கள் அனைவருக்கும் மறுமையில் நற்பேற்றைத் தருவானாக. ஆமீன்.